பரஸ்தானம் வைத்த கார்

நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்கிக் கிடந்தன. அதைத்தான் முதலில் பார்த்தேன். கார் இல்லை என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது.

என் இரண்டு கைகளிலும் முழங்கை வரை சோப்பு நுரை. கிரீஸ் கறை போகவில்லையே என்று வீட்டின் பின்பக்கம் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தவன், தெருவில் கார் கிளம்பும் சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தேன். வாசலில் என் மனைவி சரோஜா கோயில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“யாரு எடுத்துகினு போனது?”

“உமாதாங்க. மலைக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாடின்னு நான்தான் அனுப்பிச்சேன். பழம் நாலும் ஒண்ணாவே சப்புனு நசுங்கிச்சி. நல்ல சகுனம்.”

எலுமிச்சைச் சாறும் தெரு மண்ணும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அந்தக் காரின் இடது முன் சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பிடித்திருந்த நடு நட்டு, கையால் திருகிய அளவோடு நின்றிருந்தது. ஸ்பானர் போட்டு முடுக்கவில்லை. அந்த நட்டோடு என் மகள் மலைப்பாதையில் ஏறப் போய்விட்டாள்.

ஒரு பயந்தவனின் காது

போன வாரம் இந்தப் பகுதியில் அரக்கோணம் ரயில்வே யார்டைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “இத்தனை பயந்த சுபாவத்தோடு ரயில்வேயில் எப்படி ஐயா காலம் தள்ளினீர்கள்?” நியாயமான கேள்வி. பயத்தோடுதான் தள்ளினேன்.

சக்கரங்களைக் கவனிப்பதுதான் என் வேலை. வண்டி வேகம் குறைத்து உள்ளே வரும்போது பாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடந்துபோகும் ஒவ்வொரு சக்கரத்தையும் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும். நின்ற பிறகு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல சக்கரம் கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும்.

ஒருநாள் ஒரு வண்டியை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனவனுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. நடுவில் ஒரு சக்கரம் கணீரென்றுதான் சொன்னதா, இல்லை நானாக நினைத்துக்கொண்டேனா? டீ இறங்கவில்லை. அந்த வண்டி காட்பாடி தாண்டி ஜோலார்பேட்டை போய்ச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை சோறும் இறங்கவில்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். “யோவ், ரயிலு போய் சேந்துடுச்சி. நீ எப்பய்யா வந்து சேரப் போற?” என்றார்.

ஓய்வு பெற்றால் இந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். காதுக்கு ஓய்வு என்பதே கிடையாது போலிருக்கிறது.

கட் கட் கட்

எங்களுடையது சின்ன வெள்ளைக் கார். வயது ஆகிவிட்டது. நாங்கள் வாங்கும்போதே அது இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்த கார். கடைக்குப் போக, அம்மையார்குப்பத்தில் சரோஜாவின் அண்ணன் வீட்டுக்குப் போக என்று சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

உமாவுக்கு நகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காலையில் மணியடிப்பதற்குள் போய்ச் சேர நேரத்துக்கு பஸ் இல்லை. அவளுக்கு லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே கார் இனி அவளுக்கு என்று வீட்டில் முடிவானது. லாரியும் திருப்பதி பஸ்ஸும் பறக்கிற அந்தச் சாலையில் தினமும் அவள் தனியாக ஓட்டிப் போகவேண்டும்.

அவளோடு ஓட்டிப் பழக உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்டும் இடது முன்பக்கத்தில் ‘கட் கட் கட்’ என்று யாரோ சுண்டல் கடலையைக் கடிக்கிற மாதிரி.

“ஒண்ணும் கேக்கலியே நைனா,” என்றாள் உமா.

“கேக்குதும்மா.”

பைபாஸ் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஏழுமலையிடம் காட்டினேன். எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர். ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டின் முனையில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அது ஒரு மடிப்பில் வாய் பிளந்திருந்தது. உள்ளே இருந்த கிரீஸ் சுற்றிலும் கறுப்பாகத் தெறித்து, மண்ணைக் குழைத்துப் பூசியது போல ஒட்டிக்கிடந்தது.

“ஆக்ஸில் பூட்டு, இந்த ரப்பர் ஒறை, கிழிஞ்சிகீது சார். கிரீஸு வெளிய, மண்ணு உள்ள. உள்ள கீற இரும்புக் குண்டு இன்னும் முழுசா தேயல. இப்பவே மாத்தினா தப்பிச்சிக்கலாம். உட்டுட்டீங்கன்னா நடுரோட்டுல ஷாஃப்ட் கையக் கழுவிடும்.”

நடுரோடு என்ற சொல்லை அவர் சொல்லியிருக்கவேண்டாம். அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை

ஞாயிறன்று காலையில் ஏழுமலை வீட்டுக்கே வந்து வேலையை ஆரம்பித்தார். மறுநாள் உமா வேலையில் சேரவேண்டும்.

நடு நட்டு என்று சொன்னேனே, அது கிரீடம் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். முடுக்கிய பிறகு அந்த வெட்டு வழியாக ஒரு மெல்லிய பின்னைச் செருகி வளைத்துவிட்டால் நட்டு திரும்பாது. எங்கள் காரில் அந்தப் பின் துருப்பிடித்துப்போய், இழுக்கும்போதே துண்டாகிவிட்டது.

“போனா போவுது சார், புதுசு போட்டுக்கலாம்,” என்றார்.

நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, அவர் ஸ்பானரில் நீளமான குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்றார். ‘கடக்’ என்றது. என் நெஞ்சிலும்தான். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். தண்டை வெளியே உருவிப் பழைய ரப்பரைக் கத்தியால் கீறி எடுத்தார். உள்ளே ஆறு இரும்புக் குண்டுகள் மண் கலந்த கிரீஸில் புதைந்து கிடந்தன. பெட்ரோலில் அலசித் துடைத்துக் காட்டினார். பளபளவென்றுதான் இருந்தன. புது ரப்பர் உறையை மாட்டி, கிரீஸ் பாக்கெட்டைக் கிழித்து வழித்து வழித்து அடைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினார். தண்டு மறுபடி உள்ளே போனது. நடு நட்டைக் கையால் திருகி வைத்தார்.

“இத கீழ எறக்கின பெறகுதான் முடுக்கணும். முடுக்கினதும் பின்னு போடணும். ரெண்டையும் ஒண்ணா பண்ணிக்கலாம்,” என்று சக்கரத்தை மாட்டி, அதன் நான்கு நட்டுகளையும் நன்றாக முடுக்கி, காரை இறக்கினார்.

அந்த நேரத்தில்தான் சரோஜா கையில் தட்டோடு வெளியே வந்தாள்.

நல்ல நேரம் முடியப்போகிறது

பரஸ்தானம் வைப்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாது என்று தெரிந்தால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியையோ துணிப்பையையோ வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போய் வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ராகு காலத்திலேயே கிளம்பினாலும் தோஷமில்லை. ஆனால் வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

சரோஜாவின் சித்தப்பா ஒருவர் இப்படித்தான் தன் குடையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானமாக வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் மழையைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கே போய்விட்டார். கடைசியில் குடை மட்டும் சாமி பார்த்துவிட்டு வந்தது.

திங்கட்கிழமை உமா கிளம்பவேண்டிய நேரம் சரியாக ராகு காலம். அவளுடைய பையை எதிர்வீட்டில் வைத்தால் போதாதா என்றேன்.

“பைய வச்சா பைக்குத்தானே ஆச்சி? வண்டிக்கு?” என்றாள் சரோஜா. பயந்தவனுக்கு எந்தப் பாதுகாப்பையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

“நல்ல நேரம் முடியப்போவுதுங்க. வண்டிய மொதல்ல கேட்டத் தாண்டி வச்சிடுங்க. மத்த வேலையெல்லாம் வெளியவே பண்ணிக்கட்டும்.”

ஏழுமலை தலையைச் சொறிந்தார். பிறகு, “தள்ளிகினு போனா ஒண்ணும் ஆவாது சார்,” என்றார். இரண்டு பேருமாகத் தள்ளித் தெருவில் நிறுத்தினோம். சரோஜா பானெட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தாள்.

ஏழுமலைக்கு போன் வந்தது. ஆந்திராவிலிருந்து சாமி கும்பிட வந்த வேன் ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றுவிட்டதாம். “பின்னு வாங்க எப்படியும் கடைக்குப் போவணும். அப்பிடியே அதையும் பாத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க சார்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கருவிப் பையோடு பைக்கில் போனார்.

சரோஜா அப்போது பூஜைத் தட்டை உள்ளே கொண்டுபோயிருந்தாள். உமா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். காரின் சாவி வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் பழமும் வைத்துத் தெருவில் நிற்கிற வண்டியைப் பார்த்தால் யாரும் வேறு அர்த்தம் செய்துகொள்ள மாட்டார்கள். வண்டி தயார். ஏறவேண்டியதுதான் பாக்கி.

வாசலிலிருந்து மலைக்கு

சரோஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் முகம் வெளுத்தது மட்டும் நினைவிருக்கிறது. “நான்தாங்க அனுப்பிச்சேன்,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உமாவுக்கு போன் போட்டேன். வீட்டுக்குள் மிக்ஸிக்குப் பக்கத்தில் மணி அடித்தது. சார்ஜில் போட்டிருந்தாள். காலியான வீட்டில் அந்த மணி அடிப்பதைக் கேட்க முடியாமல் நானே அழைப்பைத் துண்டித்தேன்.

ஏழுமலையை அழைக்க எண்ணைத் தேடும்போதே அவருடைய பைக் தெருவுக்குள் வந்துவிட்டது. கையில் புதுப் பின்னைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தவர், வெறும் தெருவைப் பார்த்தார்.

“வண்டி எங்க சார்?”

“உமா எடுத்துகினு மலைக்குப் போயிட்டா.”

“ஐயோ,” என்றார். பைக்கைத் திருப்பினார். “ஏறுங்க.”

எனக்கு யார் பின்னாலும் பைக்கில் உட்காரப் பயம். அன்றைக்கு ஏறினேன். சோப்பு காய்ந்து கையெல்லாம் இழுத்தது. பேசிக்கொண்டே இருக்கும் ஏழுமலை வாயைத் திறக்காமல் ஓட்டினார். அவர் ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது.

முகூர்த்த நாள் வேறு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், வேன்கள், காவடி எடுத்துப் போகிறவர்கள், மேளம். ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்குத் தூக்கிப்போட்டது. மலையடியில் வண்டிகளுக்குச் சீட்டு கொடுப்பவரிடம், பெண் ஓட்டிப்போன வெள்ளைக் காரைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

“காலைலேந்து எல்லாம் வெள்ள வண்டிதான் சார் போவுது. இன்னான்னு சொல்றது?”

மலைப்பாதையில் ஏறினோம். நான் ஒவ்வொரு வளைவிலும் ஓரச் சுவரைத்தான் பார்த்தேன். எங்காவது இடிந்திருக்கிறதா, எங்காவது டயர் தேய்த்த கோடு இருக்கிறதா என்று. ஓரிடத்தில் தரையில் ஏதோ மின்னியது. ஏழுமலை சடாரென்று பிரேக் போட்டுக் குனிந்து எடுத்தார். சோடா பாட்டில் மூடி. அதைத் தூர எறிந்துவிட்டு மறுபடி பைக்கைக் கிளப்பினார்.

அடுத்த வளைவில் கும்பல். பத்திருபது பேர் சாலையோரம் வட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களின் கால்களுக்கிடையில் வெள்ளை நிறம். புகை.

பைக் நிற்பதற்குள் நான் குதித்துவிட்டேன். செருப்பு ஒன்று எங்கோ போனது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், ஒரு வேன். ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் பாட்டில் தண்ணீரோடு நின்றபடி, “ஏமண்டி?” என்று தெலுங்கில் என்னை விசாரித்தார். அந்தக் குடும்பம் வெயிலில் தவித்து நிற்கிறது, எனக்கோ அந்த வேனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது.

இரண்டு மரை

மேலே வண்டிகள் நிற்கும் இடத்தில் எங்கள் கார் நின்றிருந்தது. நான்கு சக்கரமும் இருந்தன. உமா உள்ளே இல்லை. சாமி கும்பிடப் போயிருந்தாள்.

ஏழுமலை இடது முன் சக்கரத்தருகே மண்டியிட்டு, நடு மூடியைப் பெயர்த்துவிட்டு, விரலை வைத்தார். நட்டு லேசாகச் சுழன்றது. ஒரு விரலில். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“ரெண்டு மரைதான் சார் புடிச்சிகினு கீது. இன்னும் ரெண்டு சுத்து சுத்தினா நட்டு கீழ வுழுந்துடும்.”

“எறக்கத்துல...” என்று இழுத்தார். இறங்கும்போதுதான் ஒவ்வொரு வளைவிலும் பாரமெல்லாம் முன் சக்கரத்தில் இறங்கும். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிமெண்டுத் தரை சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சரோஜாவுக்கு போன் செய்து, “கெடச்சிட்டா, நல்லா கீறா,” என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பரஸ்தானம் வச்சதாலதாங்க தப்பிச்சது,” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இரண்டு மரை மிச்சம் இருந்ததற்கு நான் மட்டும் என்ன காரணம் சொல்லிவிட முடியும்?

நெற்றியில் விபூதியும் கையில் அர்ச்சனைப் பையுமாக உமா வந்தாள். ஒற்றைச் செருப்போடு தரையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, “இன்னாச்சி நைனா? அம்மாக்கு ஏதாவதா?” என்று ஓடி வந்தாள்.

சொன்னோம். ஏழுமலைதான் சொன்னார். தன் மேல்தான் தப்பு என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் கதவைத் திறந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். ஏழுமலை குழாயை மாட்டித் தொங்கினார். நட்டு நறநறவென்று இறுகியது. பின்னைச் செருகி, இரண்டு காலையும் விரித்து வளைத்து, என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினார்.

உமா இறங்கி வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“ஏறும்போது ஸ்டீரிங்கு ஆடிச்சி நைனா. ரெண்டு எடத்துல நல்லாவே ஆடிச்சி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல, கை நடுங்குதுன்னு நெனச்சிகினே வந்தேன்.”

பிறகு சாவியை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே ஓட்டுங்க. எனக்கு வேணாம். அந்த வேலைக்குப் போறதா இல்லியான்னும் யோசிக்கணும். அவ்ளோ தூரம் யாரு தெனம் போய்ட்டு வர்றது?”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். முன்பு இதே பாதையில் முன்னால் நின்ற பஸ் ஒன்று பின்னோக்கி உருண்டு என் காரை இடித்தது. யாருக்கும் அடியில்லை. அன்று மாலை நான் சரோஜாவிடம், “இனிமே படியேறியே போய்க்கலாம், ஒடம்புக்கும் நல்லது,” என்று இதே குரலில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு மலைப்பாதையில் நான் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை.

சாவியை வாங்க என் கை நீண்டுவிட்டது. வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் வீட்டோடு இருந்துவிடுவாள், நான் ராத்திரியில் தூங்குவேன். நீட்டிய கையைப் பிரயாசைப்பட்டு இழுத்துக்கொண்டேன். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அந்தச் சக்கரம் என் காலுக்கு முன்னால்தான் இருந்தது.

“வாம்மா, ஓட்டு.”

“பயமாகீது நைனா.”

“எனக்கும்தான்.”

“அப்ப?”

“ரெண்டு பேரும் பயந்துகினே போவலாம். வா.”

அவள் அர்ச்சனைப் பையைப் பின் சீட்டில் வைத்தாள். பிறகு ஏறினாள். ஏழுமலை பைக்கில் எங்களுக்கு முன்னால் மெதுவாக இறங்கினார். முதல் வளைவு வந்தது. அவள் கியரைக் குறைத்தாள். ஓரச் சுவருக்கு அப்பால் ஊர் முழுவதும் கீழே தெரிந்தது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

“கண்ணத் தொறங்க நைனா,” என்றாள் உமா. “வளைவு தாண்டியாச்சி.”